மெல்ல மூடுகிற லாச்சி

பிறேமாவுக்கு மலிவான குசினிதான் வேண்டும். அதில் அவள் ஒரே பிடியாக நின்றாள்.

ஜெர்மனியில் வாடகைக்கு வீடு எடுத்தால் அனேகமாகச் சுவர்தான் கிடைக்கும். சமைக்கிற குசினி இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு தண்ணீர்க் குழாய்கள் சுவரிலிருந்து மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். அலுமாரி, தொட்டி, அடுப்பு எல்லாம் குடிவருகிறவரே வாங்கிப் பொருத்திப் பூட்டவேண்டும். வுப்பர்டாலில் அவள் இவ்வளவு காலமும் இருந்த வீட்டில் மட்டும், அவளுக்கு முன்பு குடியிருந்த கிழவர் தன் குசினியை அப்படியே விட்டுவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். அந்தக் கிழவரின் புண்ணியத்தில் பன்னிரண்டு வருடம் சமைத்தாயிற்று. இப்போது ஒற்றை ஆளுக்கு அந்த வீடும் பெரிது, வாடகையும் பெரிது. அடுத்த தெருவில் சின்னதாக ஒன்று பார்த்துவிட்டாள். பழைய குசினியைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்றால், கழற்றினால் அது தூளாகத்தான் போகும்.

அந்தத் தூளைத்தான் பிறேமா நேசித்தாள். ஏனென்றால் அது ஓயாமல் உடைந்துகொண்டிருந்தது. அது உடைந்தால் கிறிஸ்தோப்பர் வருவான்.

அவளுடைய புருஷன் கிறிஸ்தோப்பர் வீட்டை விட்டுப் போய் ஒன்றரை வருடம். சண்டை பிடித்துப் போகவில்லை. வயிற்றிலேயே கலைந்துபோன பிள்ளைகளுக்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. பேச்சு குறைந்த வீட்டில் ஒருநாள், "எனக்கு இதுக்குள்ளை மூச்சு முட்டுது பிறேமா" என்று சொல்லிவிட்டு, நகரத்தின் மறுகோடியில் ஒரு சிநேகிதனின் அறையில் போய் இருந்துகொண்டான். மாதாமாதம் நடக்கும் தமிழ்ப் பூசையில் எல்லோரும் அவனைக் கேட்டார்கள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று தேவாலய வாசலில் நின்று எந்தப் பெண் சொல்லுவாள்? "அவருக்கு ஸ்டுட்கார்ட்டிலை வேலை கிடைச்சிருக்கு" என்று பிறேமா வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

அது கிறிஸ்தோப்பரின் காதுக்குப் போனபோது அவன் தொலைபேசியில் சிரித்தான். "சொல்லிப்போட்டீர். இனி நான் போகத்தான் வேணும்." சிரித்தவன் உண்மையாகவே தேடி, அங்கே ஒரு களஞ்சியசாலையில் வேலை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான்.

ஆனாலும் தொட்டிக்குக் கீழே இருக்கும் அலுமாரிக் கதவு தொங்கிவிட்டது என்று அவள் சொன்னால், அடுத்த சனிக்கிழமை வந்து நிற்பான். ஒரு கதவுப் பிணைச்சலுக்காக ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு மனுசன் கார் ஓடி வருவானா? வந்தான். முழந்தாளிட்டு இருந்து திருகாணியை இறுக்குவான். அவள் இஞ்சி போட்டுத் தேத்தண்ணி ஊற்றுவாள். இரண்டு பேரும் அந்தச் சின்ன மேசையில் இருந்து ஊர்க் கதை, உலகக் கதை எல்லாம் கதைப்பார்கள். அவன் போனபின் அவன் குடித்த கோப்பையைக் கழுவ அவளுக்கு மனம் வராது. இரண்டு மூன்று கிழமை கழிந்ததும், காய் வெட்டும் கத்தியின் முனையை அந்த ஆணியில் வைத்து, இடப்பக்கமாக மெதுவாகத் திருப்பிவிடுவாள்.

புதுக் குசினி மலிவானதாக இருந்தால் கத்தி கூடத் தேவைப்படாது. அதுவே உடையும். அவள் கணக்கு அவ்வளவுதான்.

"தனியப் போய் ஏமாறாதையும். நானும் வாறன். வாங்கினாப் பிறகு நானே பூட்டியும் தாறன்" என்று கிறிஸ்தோப்பர் சொன்னபோது அவளுக்குக் கால் நிலத்தில் படவில்லை. ஒரு குசினி பூட்டுவதென்றால் இரண்டு சனிக்கிழமையாவது வேண்டும். முதல் சனிக்கிழமைக்கு என்ன சமைப்பது என்றுகூட யோசித்துவிட்டாள். நண்டு.

நவம்பர் மாதம். புது வருடத்தோடு வரி கூடப்போகிறது என்று நாடே கடைக்குள் புகுந்திருந்த வருடம் அது. அந்தப் பெரிய தளபாடக் கடையின் முகப்பில், வரி ஏறமுதல் வாங்குங்கள் என்று சிவப்பு எழுத்தில் ஒரு பதாகை மழையில் நனைந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே கிறிஸ்தோப்பர் முன்னதாகவே வந்து நின்றான். கழுத்தில் நீல நிறத்தில் புதுக் கம்பளிச் சால்வை. நிறம் அவனுக்கு நன்றாக எடுத்தது.

"நல்லா நனைஞ்சுபோட்டீர். குடை எங்கை?"

"பஸ்ஸிலை விட்டிட்டன்."

"இன்னும் நீர் மாறேல்லை" என்று அவன் சிரித்தான். அந்த 'இன்னும்' என்ற சொல்லைப் பிறேமா பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

உள்ளே போனதும் அவள் நேராகப் போய் நின்றது, வாசலுக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருந்த வெள்ளைக் குசினிக்கு முன்னால். முழுவதும் சேர்த்து ஒரே விலை. அவளிடம் இருந்த காசுக்குள் அடங்கி மிச்சமும் வரும்.

"இது வடிவாத்தானே இருக்கு."

கிறிஸ்தோப்பர் ஒரு கதவைத் திறந்தான். விளிம்பில் நகத்தால் மெல்லக் கிண்டினான். உட்பக்கம் கையை விட்டு, முதுகுப் பலகையை ஒரு விரலால் தள்ளினான். அது டமாரம் போல அதிர்ந்தது.

"பாரும், முதுகுக்குக் காட்போட் மட்டை வைச்சிருக்கினம். இந்த விளிம்புக்குக் கீழ்ப்பக்கம் ஒண்டுமே ஒட்டேல்லை. அமுக்கின மரத்தூள் வெளியிலை தெரியுது. உம்மடை சோத்துப்பானை ஆவி பட்டா ஆறு மாசத்திலை வீங்கும்."

ஆறு மாதம். பரவாயில்லை, நல்ல கெதியாகத்தான் வீங்குகிறது என்று பிறேமா நினைத்தாள்.

"வீங்கினா வீங்கட்டும்."

"வீங்கட்டுமோ? காசு குடுத்து வாங்கிற சாமானை ஆரும் இப்பிடிச் சொல்லுவினமே?" அவன் ஒரு இழுப்பு லாச்சியை இழுத்தான். அது பாதி வந்து முரண்டு பிடித்தது. "தகரத் தண்டவாளம். நீர் மாவும் மிளகாய்த்தூளும் வைச்சா ஒரு பக்கம் சரிஞ்சு தொங்கும்."

"தொங்கினா நீங்கள் வந்து நிமித்த மாட்டியளோ?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். அவன் விளையாட்டாகப் பதில் சொல்லவில்லை. லாச்சியைத் தள்ளி மூடிவிட்டு, "வாரும், அங்காலை பாப்பம்" என்று நடந்தான்.

லென்னார்ட்ஸ் என்ற விற்பனையாளர் அவர்களைப் பிடித்துக்கொண்டார். வழுக்கைத் தலை, நல்ல சிரிப்பு, கையில் அளவு நாடா. "உங்கள் மனைவிக்கு என்ன நிறம் பிடிக்கும்?" என்று கிறிஸ்தோப்பரிடம் கேட்டார். கிறிஸ்தோப்பர் அந்த 'மனைவி'யைத் திருத்தவில்லை. அதையும் பிறேமா எடுத்து வைத்துக்கொண்டாள்.

"புதுசு பாக்கத் தேவையில்லை" என்று கிறிஸ்தோப்பர் அவரிடம் ஜெர்மனில் சொன்னான். "பார்வைக்கு வைச்சு, இப்ப விலை குறைச்சுத் தள்ளிற குசினி ஏதும் இருக்கோ?"

லென்னார்ட்ஸின் புருவம் உயர்ந்தது. இந்த ஆளுக்கு விஷயம் தெரியும் என்கிற மாதிரி இருவரையும் மூலைக்கு அழைத்துப் போனார். அங்கே வெனிலா நிறத்தில் ஒரு குசினி நின்றது. புது மாதிரிகள் வரப்போவதால் பாதி விலை. ஒரு கதவில் நகம் கீறியது போல ஒரு கோடு, அதைத் தவிர ஒரு குறையும் இல்லை. கிறிஸ்தோப்பர் குனிந்து, நிமிர்ந்து, கதவுகளைத் திறந்து மூடி அவளுக்குக் காட்டத் தொடங்கினான்.

"கீழை கதவை விட லாச்சிதான் நல்லது. முழந்தாளிலை இருந்து உள்ளுக்கை தலையை விடத் தேவையில்லை, எல்லாம் வெளியிலை வரும். தண்டவாளம் இரும்பு. அடியிலை கால் இருக்கு, திருப்பினா உயரும், பதியும். கோணல் நிலத்திலையும் நேரா நிக்கும். இதைப் பாரும்." ஒரு லாச்சியை முழுவதும் இழுத்து, பலம் கொண்ட மட்டும் தள்ளிவிட்டான். டமார் என்று அறையப் போகிறது என்று பிறேமா கண்ணைச் சுருக்கினாள். லாச்சி பாய்ந்து போய், கடைசி நேரத்தில் யாரோ கைபிடித்து நிறுத்தியது போலத் தயங்கி, தானாக, சத்தமே இல்லாமல் உள்ளே போய் மூடிக்கொண்டது.

"என்ன வேகமாத் தள்ளினாலும் அடிக்காது" என்றான், தானே கண்டுபிடித்தவன் மாதிரி.

கூட இருந்த காலம் முழுவதும் ஒரு சிரட்டை அகப்பைக்கும் கரண்டிக்கும் வித்தியாசம் கேட்காத மனுசன். எப்போது இதெல்லாம் படித்தான்? எனக்காக விசாரித்திருக்கிறான் என்று பிறேமா நினைத்தாள். தனக்கு வெனிலா நிறம் பிடிக்கும் என்று அந்த இடத்தில் வைத்து முடிவு செய்தாள். இது உடையாதுதான். உடையாவிட்டால் என்ன? இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவன், தான் இருக்கப்போகாத வீட்டுக்கா செய்வான்?

மேற்பலகையின் உயரம் எவ்வளவு வேண்டும் என்று லென்னார்ட்ஸ் நாடாவை விரித்தார். அவர் வாய் திறக்கமுதல் கிறிஸ்தோப்பர் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"முழங்கையை மடியும்." அவளுடைய முழங்கையை உள்ளங்கையில் ஏந்தினான். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவன் கை அவள்மேல் படுகிறது. "இதிலையிருந்து கீழை ஒரு சாண் விடவேணும். அந்த உயரத்திலை பலகை இருந்தாத்தான் வெட்டேக்கை தோள் நோகாது." சாணை வைத்து, விரல் நுனி பட்ட இடத்தை லென்னார்ட்ஸுக்குக் காட்டினான்.

லென்னார்ட்ஸ் அளந்துவிட்டுச் சிரித்தார். "மிகச் சரி. நீங்கள் இதற்கு முன்னும் குசினி திட்டமிட்டிருக்கிறீர்கள்!"

"ஓம், கிட்டடியிலை, போன மாசம்தான்" என்று கிறிஸ்தோப்பர் ஜெர்மனில் சொன்னான். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே விளங்கியது. முழங்கையிலிருந்து கை விலகியது.

விலையைக் கணக்குப் பார்த்து வருவதாகச் சொல்லி லென்னார்ட்ஸ் தன் மேசைக்குப் போனார். வெனிலா நிறக் குசினிக்குள் இருவரும் தனியே நின்றார்கள். தொட்டியில் தண்ணீர் இல்லை, குழாய் எதிலும் பூட்டியிருக்கவில்லை. கண்ணாடிக் கிண்ணத்துக்குள் மெழுகு எலுமிச்சம்பழங்கள்.

"கிட்டடியிலையோ?" என்றாள் பிறேமா. "ஆரின்ரை குசினி?"

அவன் அந்தக் கதவிலிருந்த கீறலை விரலால் தடவினான்.

"இஞ்சேருங்கோ, உங்களைத்தான் கேக்கிறன்."

"ஸ்டுட்கார்ட்டிலை... ஒரு வீடு எடுத்திருக்கிறன். வனஜா எண்டு ஒராள். உமக்குத் தெரியாது. புருஷன் இல்லை, ஊர்ச் சண்டையிலை செத்துப்போனார். என்னோடைதான் வேலை." ஒவ்வொரு சொல்லையும் வலித்து எடுப்பது போலச் சொன்னான். "நான் இண்டைக்கு உமக்குச் சொல்லத்தான் வந்தனான். முதல் உம்மடை குசினி அலுவலை முடிச்சிட்டு, கோப்பிக் கடையிலை இருந்து ஆறுதலாச் சொல்லுவம் எண்டு..."

பிறேமா தன் முழங்கையைப் பார்த்தாள். அவன் பிடித்த இடம் இன்னும் சூடாக இருந்தது.

"உயரமோ?" என்றாள்.

"என்ன?"

"அவ என்னை விட உயரமோ எண்டு கேட்டனான். அளந்திருப்பியள்தானே."

அவன் தலை குனிந்தான். "கொஞ்சம்."

பக்கத்துக் குசினிக்குள் ஒரு ஜெர்மன் தம்பதி எந்தக் கைபிடி நல்லது என்று செல்லச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறேமாவுக்கு நடுவில் ஒரு சிரிப்புக்கூட வரப் பார்த்தது. ஸ்டுட்கார்ட் என்ற ஊரை முதலில் வாயெடுத்துச் சொன்னது யார்? தேவாலய வாசலில், தன் மானத்தைக் காப்பாற்ற, அவள்தானே அவனை அங்கே அனுப்பி வைத்தாள்.

"பிறேமா, நான் சொல்லிறதைக் கேளும். இதை எடும். இது உடையாது. இனி நான் ஒவ்வொண்டுக்கும் ஓடி வர ஏலாது." சற்றுப் பொறுத்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அந்தத் தொட்டிக் கதவு ஆணி தானாக் கழண்டதில்லை எண்டு எனக்குத் தெரியும்."

அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது.

"எப்ப தொடக்கம்?"

"ரெண்டாம் முறையே. ஆணித் தலையிலை கத்தி வழுக்கின அடையாளம் கிடந்தது."

"தெரிஞ்சுகொண்டோ வந்தனீங்கள்?"

"ஓம்."

"ஏன்?"

ஒரு கணம், ஒரேயொரு கணம், அவன் வேறு ஏதாவது சொல்லிவிடுவான் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கூப்பிட்டனீர்" என்றான் அவன். "பாவமாக் கிடந்தது."

இதைவிட அவன் வராமலே இருந்திருக்கலாம். அந்த இஞ்சித் தேத்தண்ணி, அந்தச் சின்ன மேசை, அவன் சிரித்த சிரிப்பு, கழுவாமல் வைத்த கோப்பைகள் எல்லாவற்றின்மேலும் அந்த ஒரு சொல்லை ஊற்றிவிட்டான். அவள் ஒன்றரை வருடமாக ஆசை என்று வாசித்ததெல்லாம் இரக்கம்.

லென்னார்ட்ஸ் ஒரு தாளோடு மலர்ந்த முகமாக வந்தார். நல்ல செய்தி, நீங்கள் சொன்ன தொகைக்குள் வருகிறது, நீங்களே பூட்டிக்கொள்வதால்தான் வருகிறது என்றார். கிறிஸ்தோப்பர் தலையாட்டினான். "ஓம், நான்தான் பூட்டுவன். நத்தார்ப் பண்டிகைக்கு முதல் ரெண்டு சனிக்கிழமையிலை முடிச்சிடலாம்."

"இல்லை" என்றாள் பிறேமா ஜெர்மனில். "உங்கடை ஆக்களே வந்து பூட்டட்டும்."

லென்னார்ட்ஸ் தடுமாறினார். கடை ஆட்கள் வந்து பூட்டுவதற்குத் தனிக் கட்டணம், அது இந்தத் தொகைக்குள் அடங்காது என்று மிகவும் பணிவாகச் சொன்னார்.

"மேல் அலுமாரிகளை எடுத்துவிட்டால்?"

அவர் குசினியை நிமிர்ந்து பார்த்தார். தாளில் ஏதோ கிறுக்கினார். மேல் அலுமாரிகளை மட்டும் வேறொருவர் ஏற்கெனவே கேட்டிருப்பதாகவும், அப்படியென்றால் சரிவரும் என்றும் சொன்னார்.

"உமக்கென்ன விசரே?" கிறிஸ்தோப்பர் தமிழில் சீறினான். "மேல் அலுமாரி இல்லாமல் அது என்ன குசினி? நான் சும்மா பூட்டித்தாறன் எண்டு சொல்லிறன்."

"எனக்கு எட்டாத இடத்திலை எனக்கென்னத்துக்கு அலுமாரி?" என்றாள் பிறேமா. "முந்தி எடுத்துத் தர ஆள் இருந்தது."

லென்னார்ட்ஸின் மேசைக்குப் போய் அவள் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே மழை விட்டபாடில்லை. கிறிஸ்தோப்பர் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். அவள் பஸ்ஸில் போவதாகச் சொன்னாள். அவன் காரின் பின்பெட்டியைத் திறந்து ஒரு குடையை எடுத்து நீட்டினான்.

"இதையெண்டாலும் பிடியும். காய்ச்சல் வந்திடும்."

பிறேமா குடையைப் பார்த்தாள். பழைய பிறேமா என்றால் தாவி வாங்கியிருப்பாள்.

"வேண்டாம். பிறகு அதைத் திருப்பித் தாறதுக்கு ஒருக்காச் சந்திக்க வேணும்."

அவன் குடையோடு நின்றான். அழுதானா, மழையா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் தரிப்பிடத்துக்குக் கூரை இருந்தது. பஸ் வரும்வரை அவள் அதற்குக் கீழே போகாமல் வெளியிலேயே நின்றாள். முகம் நனைந்திருப்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

அன்று பின்னேரமே தொட்டிக் கதவின் ஆணியை அதே கத்தி முனையால் வலப்பக்கமாகத் திருப்பினாள். சட்டென்று இறுகிவிட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது. வீடு மாறும்வரை அந்தக் கதவு பிறகு ஆடவே இல்லை.

டிசெம்பர் நடுவில் நீலக் காற்சட்டை போட்ட இரண்டு பேர் வந்து, பாட்டுப் பாடிக்கொண்டு, மதியத்துக்குள் குசினியைப் பூட்டி முடித்தார்கள். பிறேமா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். இஞ்சி போடவில்லை. பலகை அவளுடைய முழங்கைக்குக் கீழே சரியாக ஒரு சாணில் நின்றது.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில், கீழ்த் தெருவில் இருக்கும் பேர்பெச்சுவா அக்கா படியேறி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். பூசைக்கு வருகிற பெண்களில் எல்லோர் வீட்டு அலுவலும் தெரிந்தவள்; ஆனால் கைநிறையப் பலகாரம் இல்லாமல் யார் வீட்டுக்கும் போகமாட்டாள். பயற்றம் பணியாரப் பெட்டியைப் புதுப் பலகையில் வைத்துவிட்டுக் குசினியைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டாள்.

"அடியாத்தை, ராசாத்தி குசினியெல்லோ! என்ன வழுவழுப்பு. அது சரி பிள்ளை, மேல் அலுமாரி எங்கை? சுவர் மொட்டையாக் கிடக்கு."

"அது வேண்டாமெண்டு விட்டிட்டன் அக்கா."

"கட்டையளுக்கு அது வசதிதான்" என்று அக்கா தன் உயரத்தையும் சேர்த்துச் சிரித்தாள். "கிறிஸ்தோப்பர் தம்பி வந்து ஒண்டைக் கொழுவித் தந்தாப் போச்சு. நத்தாருக்கு வாறார்தானே? ஸ்டுட்கார்ட்டிலை அப்பிடி என்ன வேலையோ, பெண்சாதி வீடு மாறிறதுக்கும் லீவு குடுக்கேல்லையோ?"

பதில் தயாராகத்தான் இருந்தது. ஒன்றரை வருடமாகச் சொல்லிப் பழகிய பதில். அக்காவுக்குத் தட்டு எடுக்கவென்று பிறேமா லாச்சியை இழுத்தாள். அது முழுவதும் வெளியே வந்து, உள்ளே கிடந்ததையெல்லாம் காட்டியது. நான்கு தட்டு, நான்கு கோப்பை. ஏன் நான்கு கொண்டுவந்தாள்?

"அவர் வரமாட்டார் அக்கா" என்றாள். "இனி வரமாட்டார். அங்கை வேறை வீடு."

அக்காவின் சிரிப்பு நின்றது.

பிறேமா லாச்சியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பில் இருந்த பலம் முழுவதையும் சேர்த்து அறைந்தாள். தட்டுகள் உடையட்டும், கீழ்வீட்டுக்காரர் ஏறி வரட்டும், ஒருமுறை, ஒரேயொரு முறை இந்த வீடு அதிரட்டும் என்று அறைந்தாள்.

லாச்சி பாய்ந்து போய், விளிம்புக்கு ஒரு விரல் இடைவெளி கிடக்கத் தயங்கி, ஒரு சத்தமும் இல்லாமல் தானாக மூடிக்கொண்டது.

அவள் மறுபடி இழுத்தாள். மறுபடி அறைந்தாள். அது மறுபடியும் மெல்ல மூடியது.

மூன்றாம் முறை இழுக்கப் போனபோது பேர்பெச்சுவா அக்காவின் கை அவள் கையைப் பிடித்தது. "காணும் பிள்ளை" என்றாள் அக்கா. "அறைஞ்சது காணும். இஞ்சாலை, என்னட்டை வந்து அழு."

அப்போதுதான் பிறேமா சத்தம் போட்டு அழுதாள்.